சிகரெட்டை நிறுத்தியது இப்படித்தான்

இலங்கையில் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சிகரெட்டை விடுவதற்கும் இலவசமாக உதவி இருக்கிறது என்று எங்கள் தேத்தண்ணிக்கடைக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அதைச் சொன்னது லண்டனில் இருந்து லீவில் வந்த மச்சான். அங்கே என்.எச்.எஸ். என்ற அரச சுகாதார சேவை, புகைத்தலை நிறுத்த உதவும் சேவையை இலவசமாக நடத்துகிறது. "இஞ்சயும் ஏதும் இருக்கும், கேட்டுப் பாருங்கோ" என்றார்.

இருந்தது. புகையிலை, மதுசார தேசிய அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கம். சுதந்திரம் கிடைத்த ஆண்டு, மறக்க வழியில்லை. இதை ஏன் ஒவ்வொரு சந்தியிலும் எழுதிப் போடவில்லையோ!

மச்சான் தந்த நிகொடின் சுவிங்கமும் கைகொடுத்தது. சிகரெட்டில் உள்ள அதே நிகொடினைப் புகையில்லாமல் கொஞ்சமாகத் தருவது அது. அதைச் சாதாரண சுவிங்கம் மாதிரிச் சப்பக்கூடாது. மெதுவாகச் சப்பி, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் பல் முரசுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் குறைந்தால் திரும்பச் சப்பலாம். வாயில் இருக்கும்போதும் அதற்குக் கால் மணித்தியாலம் முன்பும் கோப்பி, சோடா கூடாது; குடித்தால் நிகொடின் சரியாகச் சுவறாது. எனக்குக் கோப்பியை விடுவதுதான் பெரிய பாடு.

முதல் கிழமை எரிச்சல், நித்திரையின்மை, வீட்டில் எல்லோரிலும் பாய்ச்சல். ஆனால் சிகரெட் பிடிக்கவேணும் என்ற உந்தல் ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நேரம் முற்றத்தைக் கூட்டுவேன். மனைவிக்கு இதில் நல்ல சந்தோசம்.