விமான வாசலில் வணக்கம் சொல்பவர் எதைப் பார்க்கிறார்?

டொரொன்டோவிலோ லண்டனிலோ பாதுகாப்புச் சோதனை முடிந்து, கழற்றிய இடுப்புப் பட்டியை மறுபடி மாட்டிக்கொண்டதும் இனித் தொல்லை இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறோம். கடைசிச் சோதனை இன்னும் நடக்கவில்லை. அது விமானத்தின் வாசலில், இயந்திரம் எதுவும் இல்லாமல், புன்னகையோடு நடக்கும். ஊருக்குப் புறப்படுகிறவர்கள் அதைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. நம்மவர்களுக்கு ஏறும் நேரத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை நம்முடைய பழக்கங்களிலிருந்தே வருகின்றன என்பது என் எண்ணம்.

நீங்கள் ஏறுவதற்கு முன்பே விமானப் பணியாளர்கள் ஆசனப் பைகள், உயிர்காப்பு அங்கி இருக்கும் இடம், தலைக்கு மேலுள்ள பொதித் தட்டுகள், கழிப்பறை, சமையல் பகுதி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிடுவார்கள். அதன் பிறகு உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும். ஏறும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளில் அநேகமானவை இதிலிருந்துதான் பிறக்கின்றன: இந்தப் பை யாருடையது, இந்த ஆசனத்தில் இருக்க வேண்டியவர் யார்?

வாசலில் போர்டிங் பாஸை வாங்கி விமான எண்ணையும் திகதியையும் பார்க்கும் அந்த இரண்டு விநாடிக்குள் உங்களையும் பார்த்துவிடுவார்கள். நடை தள்ளாடுகிறதா, மது வாடை வீசுகிறதா, காய்ச்சலா, காரணமில்லாமல் வியர்க்கிறதா, கேட்டதற்குப் பதில் வருகிறதா என்றெல்லாம் கவனிப்பார்கள். ஆபத்து வந்தால் கதவைத் திறக்க உதவக்கூடிய திடமான ஆள் யார் என்பதையும் அப்போதே மனத்தில் குறித்துக்கொள்வார்கள். ஆகவே காதில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, முகம் பாராமல் போர்டிங் பாஸை மட்டும் நீட்டாதீர்கள். நிமிர்ந்து ஒரு வணக்கம் சொன்னால் அவர்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

சாவீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவசரத்தில் எடுத்த டிக்கெட், தூக்கமில்லாத கண், யாரோடும் பேசாத முகம், நடுங்கும் கை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவற்றின் காரணம் தெரியாது. பணியாளர் உங்களைக் கூடுதலாகக் கவனிக்கத்தான் செய்வார். ஏறும்போதே "அப்பா தவறிவிட்டார், இறுதிச்சடங்குக்குப் போகிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். கவனிப்பு அப்போதே ஆதரவாக மாறிவிடும். தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள், இடமிருந்தால் அமைதியான ஆசனத்துக்கு மாற்றியும் விடுவார்கள். துயரம் தாங்காமல் விமான நிலையத்தில் குடித்துவிட்டு வந்து நிற்பது மட்டும் வேண்டாம். போதையில் இருப்பவரை ஏற்ற மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அடுத்த விமானம் கிடைப்பதற்குள் ஊரில் எல்லாம் முடிந்திருக்கும்.

யாருடைய பை?

"என் தங்கைக்கு ஒரு சின்னப் பார்சல், கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்" என்று புறப்படும் நேரத்தில் வாசலில் வந்து நிற்காத உறவினர் உண்டா? மறுக்க மனம் வராது. ஆனால் ஒட்டிக் கட்டிய பார்சலை அப்படியே வாங்காதீர்கள். பிரித்துப் பார்த்து, உங்கள் கையாலேயே மறுபடி அடுக்குங்கள். உள்ளே இருப்பது பால்மாவா மருந்தா என்று தெரியாமல் "அது வேறொருவருடையது" என்று ஒரு பணியாளரிடம் சொன்னால், அந்த நிமிடமே அது பாதுகாப்புப் பிரச்சினை ஆகிவிடும்.

இன்னொரு பழக்கம், பைகளைச் சிதற வைப்பது. நாம் முப்பதாவது வரிசையில் இருப்போம், பை பன்னிரண்டாவது வரிசைக்கு மேலே இருக்கும். உரிமையாளர் தெரியாத பை கண்ணில் பட்டால் முதலில் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்பார்கள், பிறகு அறிவிப்பார்கள். யாரும் கை தூக்கவில்லையென்றால் அதைத் தொடாமல் விமானிக்குத் தகவல் போகும். தரையிலுள்ள பாதுகாப்புப் பிரிவினர் வருவார்கள். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரால் எல்லோரும் காத்திருக்க நேரும். இடைத்தங்கல் உள்ள சில விமானங்களில், தொடர்ந்து போகிறவர்கள் தங்கள் பையைத் தொட்டுக் காட்டும்படி கேட்பார்கள். முகம் சுளிக்காமல் காட்டிவிடுங்கள்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் நமக்கும் பங்குள்ள வரலாறு இருக்கிறது. 1984 ஆகஸ்டில் சென்னை மீனம்பாக்கத்தில், கொழும்புக்குப் போகவிருந்த பயணப்பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1985 ஜூன் 23 அன்று கனடாவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா 182 அட்லாண்டிக் மேலே வெடித்து 329 பேர் மாண்டார்கள். பெட்டியை ஒப்படைத்த ஆள் ஏறவேயில்லை. 1986 மே 3 அன்று கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில், மாலைதீவுக்குப் புறப்படவிருந்த ஏர் லங்கா விமானத்தில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோதே குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். பெட்டி ஏறி, ஆள் ஏறாவிட்டால் பெட்டியை இறக்க வேண்டும் என்ற விதி இறுகியது இப்படிப்பட்ட சாவுகளால்தான்.

அதனால்தான் தலை எண்ணும்போது ஆசனம் மாறி உட்காராதீர்கள் என்கிறார்கள். சித்தியோடு பேசிக்கொண்டு போகும் ஆசை நியாயமானது. கதவு மூடி, கணக்கு முடிந்த பிறகு பணியாளரிடம் கேட்டு மாறலாம். ஏறிய பிறகு "நான் இறங்குகிறேன்" என்று சொல்வதும் சின்ன விஷயம் இல்லை. உங்கள் பெட்டியைத் தேடி இறக்குவார்கள், ஆசனத்தைச் சுற்றிச் சோதிப்பார்கள், அக்கம்பக்கத்துப் பைகளுக்கு உரிமையாளர் யாரென்று மறுபடி கேட்பார்கள். உண்மையான காரணம் இருந்தால் தயங்காமல் இறங்குங்கள். ஆனால் கதவு மூடுவதற்குள் சொல்லிவிடுங்கள்.

பவர் பேங்க்

இன்று பணியாளர்களை அதிகம் கவலைப்பட வைப்பது லித்தியம் பேட்டரி. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தில் தீப்பற்றியது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். பொதித் தட்டில் இருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கூறினார்கள். அதன் பிறகு பல நிறுவனங்கள் விதியை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலும் எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபரிலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடை செய்தன. கொண்டுபோகக்கூடிய பவர் பேங்குக்கு 100 வாட் மணி (Wh) என்பது பொதுவான வரம்பு. 20,000 மில்லி ஆம்பியர் மணி (mAh) கொண்ட சாதாரண பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட் மணி வரும். மேலே அச்சிட்ட இந்த எண் அழிந்துபோன பழையதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நம்மவர்கள் தவறவிடுவது வேறோர் இடத்தில். மேல் தட்டுகள் நிரம்பிவிட்டன என்று உங்கள் கைப்பெட்டியை வாசலில் வாங்கிச் சரக்கறைக்கு அனுப்புவார்கள். அவசரத்தில் கொடுத்துவிடுவோம், உள்ளே பவர் பேங்க் இருக்கும். அதைச் சரக்கறையில் ஏற்றக்கூடாது. கூடவே கடவுச்சீட்டு, நகை, அம்மாவின் இன்சுலின் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கும். இவற்றை முன்கூட்டியே ஒரு சிறு துணிப்பையில் போட்டுப் பெட்டியின் மேல்பகுதியில் வையுங்கள், கேட்டவுடன் உருவிக்கொள்ளலாம்.

வாக்குவாதம் வந்தால்

சாதாரணப் பணியாளர் தன் மேற்பார்வையாளரிடம் சொல்வார், அவர் விமானியிடம் சொல்வார். கதவு திறந்திருக்கும்வரை தரைப் பணியாளரையோ பொலிஸையோ அழைத்து இறக்கிவிடுவது அவர்களுக்கு எளிது. பறக்கத் தொடங்கிய பிறகு ஒருவரைச் சமாளிப்பது கடினம் என்பதால் சந்தேகமிருந்தால் தரையிலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள். 1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கைப்படி, வெளிக்கதவுகள் மூடியது முதல் இறங்குவதற்காகத் திறப்பதுவரை ஒழுங்கைக் காக்கும் அதிகாரம் விமானிக்குரியது. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017இல் வகுத்த விதிகள் இன்னும் வெளிப்படையானவை: வாய்த்தகராறுக்கு மூன்று மாதம் வரை, கைகலப்புக்கு ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்தான செயலுக்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் பறக்கத் தடை. சென்னை வழியாக யாழ்ப்பாணம் போகிறவர் இதை நினைவில் வைத்திருக்கலாம். குண்டு பற்றிய பகிடி எந்த மொழியிலும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ் புரியலாம்.

உண்மையிலேயே அநியாயம் நடந்தால் பெயர்ப்பட்டியைப் பார்த்து வைத்துக்கொண்டு, இறங்கிய பிறகு எழுத்தில் புகார் கொடுங்கள். நடைபாதையில் வாதாடி வென்றவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பது சிறிய ஏ.டி.ஆர். விமானம். பின்கதவால் ஏறுவீர்கள், பொதித் தட்டுகள் சிறியவை, பெரிய கைப்பெட்டி உள்ளே போகாது. எடைச் சமநிலைக்காக ஆசனம் மாற வேண்டாம் என்பதை இங்கே கூடுதல் கண்டிப்போடு சொல்வார்கள். இந்திய விமான நிலையங்களில் சில வேளை படிக்கட்டடியில் மறுபடி பையைத் திறக்கச் சொல்வதும் உண்டு. பலாலி விமானப்படையின் தளமும்கூட. ஓடுபாதையோரம் நடக்கும்போது படம் எடுக்காமல் இருங்கள்.

வயதான பெற்றோரைத் தனியாக அனுப்புகிறீர்களா? சக்கர நாற்காலி கேட்டுப் பதிவுசெய்தால் முதலில் ஏற்றுவார்கள், பணியாளருக்கும் அவர்களோடு பேச நேரம் இருக்கும். ஆசன எண், மருந்துகளின் பெயர், எந்தப் பை அவருடையது, ஆங்கிலம் தெரியாது என்ற குறிப்பு, இறங்குமிடத்தில் வந்து நிற்பவரின் தொலைபேசி எண், இவற்றை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைத்துவிடுங்கள். கொழும்பு போகும் விமானங்களில் தமிழ் தெரிந்த பணியாளர் இருக்கக்கூடும். இருக்கிறாரா என்று வாசலிலேயே கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.