ராக் குழுவும் கன்ட்ரி பாடகரும் ஒரே ஸ்டுடியோவில்: சறுக்கும் இடங்கள்

ஒரு ராக் குழு, அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையின் பாடகரோடு சேர்ந்து ஆல்பம் செய்யப் போகிறது என்று கேள்விப்பட்டாலே எனக்கு ஆசையும் பயமும் சேர்ந்து வரும். நன்றாக அமைந்துவிட்டால் அதற்கு ஈடில்லை. கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1996இல் வெளியிட்ட ‘அன்செயின்ட்’ அப்படி அமைந்த ஒன்று. ரிக் ரூபின் தயாரிக்க, ராக் பாடகர் டாம் பெட்டியும் அவருடைய ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவும் பின்னால் வாசித்தார்கள். 1998 கிராமி விழாவில் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருது அதற்குத்தான் போனது. சரி, மற்றவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

முதல் தவறு சத்தம். கன்ட்ரி பாட்டில் கதைதான் உயிர். மூன்றாவது சரணத்தில் யார் செத்தார், யார் ஊரைவிட்டுப் போனார் என்பது காதில் விழாவிட்டால் பாட்டே இல்லை. நம் பேச்சில் சொற்கள் தெளிவாகக் கேட்கும் அதே அலைவரிசையில்தான் டிஸ்டார்ஷன் போட்டு ஒலியைக் கரகரப்பாக்கிய கிட்டாரும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் மோதினால் தோற்பது குரல். பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று குழுக்கள் விட்டுவிடுகிறார்கள். வாசிக்கும்போதே இடம் விடாததை மிக்ஸிங்கில் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பழைய பதிவுகளைக் கவனித்துக் கேளுங்கள். ஸ்டீல் கிட்டாரும் ஃபிடில் என்கிற வயலினும் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் நுழையும். அடுத்த வரி தொடங்கியதும் ஒதுங்கிக்கொள்ளும். ராக் குழு கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இது. ஹார்ட்பிரேக்கர்ஸ் இதை அழகாகச் செய்தார்கள். அவரவர் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், பாட்டுக்கு எது வேண்டுமோ அதை எடுத்து வாசித்தார்கள். குழுவின் தலைவரான டாம் பெட்டியே பல பாடல்களில் பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறார்.

அடுத்தது சுருதி. நம் ஊரில் பாடகருக்கு எத்தனை கட்டை என்று கேட்டுவிட்டுத்தான் வாத்தியக்காரர்கள் உட்காருவார்கள். ராக் குழுக்களுக்கு இந்தப் பழக்கம் குறைவு. திறந்த தந்திகள் நன்றாக ஒலிக்கும் ஈ, ஏ போன்ற சுருதிகளில் பாட்டை அமைத்துவிட்டு, பாடகரை அதற்குள் வரச் சொல்வார்கள். கேஷ் மாதிரி அடிக்குரலில் பாடுபவரை இரண்டு சுரம் மேலே தள்ளினால் அந்தக் குரலின் கனம் போய்விடும். நாஷ்வில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 1950களின் இறுதியில் ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் தொடங்கி, சார்லி மெக்காய் போன்ற வாத்தியக் கலைஞர்கள் வளர்த்த எண் முறை அது. கார்டுகளின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளின்) பெயருக்குப் பதில், அவை பாட்டின் சுருதியிலிருந்து எத்தனையாவது சுரத்தில் அமைகின்றன என்பதை 1, 4, 5 என்று எண்களாகத்தான் தாளில் எழுதுவார்கள். பாடகர் அரைக் கட்டை இறக்கச் சொன்னாலும் தாள் மாறாது, வேலையும் நிற்காது. ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன் குழுவில் எல்லோரும் இதைப் பழகிக்கொள்வது நல்லது.

சாயம் பூசுவது இன்னொரு தவறு. ராக் பாட்டு ஒன்றில் பான்ஜோவைத் தூவிவிட்டால் அது கன்ட்ரி ஆகிவிடாது. ‘அன்செயின்ட்’டில் சவுண்ட்கார்டன் குழுவின் பாட்டு ஒன்று இருக்கிறது. மூலப் பாட்டைக் கேட்ட கேஷுக்கு அது தன்னால் ஆகாது என்றே பட்டது. மெட்டின் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அவர் குரலுக்கு ஏற்ப மாற்றியமைத்த பிறகுதான் பாடினார். இன்று கேட்டால் அவருக்காகவே எழுதியது போல இருக்கும்.

இருவர் சேர்ந்து பாடுவதாக இருந்தால் ஒத்திகைக்கு நாள் ஒதுக்காமல் விடாதீர்கள். லெட் ஜெப்பலின் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி பாடிப் பழகியவர். கன்ட்ரியின் கிளையான புளூகிராஸ் மரபில் வந்த பாடகி அலிசன் கிராஸுக்கோ இரண்டு குரலும் ஒரே இடத்தில் மூச்சு விட்டு, ஒரே இடத்தில் முடிய வேண்டும். அத்தனை ஆண்டு மேடை அனுபவத்துக்குப் பிறகு பிளான்ட் சேர்ந்திசை கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து பாடி 2007இல் வந்த ‘ரெய்சிங் சாண்ட்’ 2009 கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து விருதுகள் வாங்கியது. அந்த வெற்றியின் சூட்டோடு அடுத்ததைத் தொடங்கிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது ஆல்பம் 2021இல்தான் வந்தது. சரிவராததை விட்டுவிட்டுக் காத்திருந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

திட்டமில்லாமல் டேப்பை ஓடவிடுவதும் ஆபத்துதான். 1969 பிப்ரவரியில் பாப் டிலனும் கேஷும் நாஷ்வில்லில் சேர்ந்து நிறையப் பாடினார்கள். அன்பும் சிரிப்பும் வழிகிற பதிவுகள். ஆனால் அவற்றில் ஒரே ஒரு பாட்டுதான் அந்த ஆண்டு டிலனின் ஆல்பத்தில் இடம்பிடித்தது. மற்றவை அதிகாரபூர்வமாக வெளிவர 2019 வரை ஆனது.

அப்புறம் ஒப்பந்தம். பாடகர் வேறு இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டவரா என்று முதல் நாளே பாருங்கள். 1968இல் பேர்ட்ஸ் ராக் குழுவில் சேர்ந்த பாடகர் கிராம் பார்சன்ஸ் விஷயத்தில் இந்தச் சிக்கல் எழுந்து, அவர் பாடிய சில பாடல்களில் அவர் குரலுக்குப் பதில் குழுவின் தலைவர் ரோஜர் மெக்வின்னின் குரல் ஏறியது.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் நெருக்கமானது. மூத்த கலைஞரை அட்டைப்படத்துக்காகக் கூப்பிடாதீர்கள். 1971 ஆகஸ்டில் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற கலிஃபோர்னியா இளைஞர்கள் நாஷ்வில்லின் உட்லண்ட் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மூத்த கன்ட்ரி, புளூகிராஸ் கலைஞர்களான மேபெல் கார்ட்டர், எர்ல் ஸ்க்ரக்ஸ், டாக் வாட்சன் எல்லோரும் வந்தார்கள். புளூகிராஸ் முன்னோடி பில் மன்றோ மறுத்துவிட்டார். மூத்த கன்ட்ரி பாடகர் ராய் அகஃபுக்கும் இந்த நீளமுடிக்காரர்கள் மேல் சந்தேகம்தான். பதிவானதைக் கேட்ட பிறகு, இது கன்ட்ரிதான் என்று ஏற்றுக்கொண்டு பாடினார். பெரும்பாலான பாடல்கள் முதல் அல்லது இரண்டாவது டேக்கிலேயே, பிறகு கலந்து சரிசெய்ய இடமில்லாமல், நேரடியாக இரண்டு டிராக்கில் பதிவாயின. பாடல்களுக்கு நடுவே நடந்த பேச்சையும் அழிக்காமல் விட்டார்கள். டாக் வாட்சன் தன் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்ததே கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் மேலிருந்த மதிப்பால்தான். அந்த டிராவிஸை அவர் முதன்முதலாகச் சந்தித்தது அந்த ஸ்டுடியோவில். இருவரும் பேசிக்கொள்வது 1972இல் மூன்று இசைத்தட்டுகளாக வந்த அந்த ஆல்பத்தில் இன்றும் கேட்கிறது.