தோட்ட வேலைக்கு வீடு பிடிப்பது

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு நர்சரியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். பாக்கெட்டில் மண் நிரப்புவதில் தொடங்கி, பதியன் போடுவது, ஒட்டுக் கட்டுவது வரை எல்லாம் அங்கே கற்றதுதான். அப்புறம் சொந்தமாகத் தோட்ட வேலை எடுக்கலாம் என்று வெளியே வந்தேன். கூடவே வேலை பார்த்த இரண்டு மதினிமார், ஒரு பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்., இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, கிளை வெட்டுகிற கத்தரி. வேலை தெரியும், வேலை கொடுக்கிற வீடு பிடிக்கத்தான் தெரியவில்லை. இன்று மாதப் பராமரிப்பில் மட்டும் பதினெட்டு வீடு. புதிதாக இறங்குகிறவர்கள் போன் போட்டு, "எப்படிக்கா பிடிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் வீணாக்கிய காசு. ஆயிரம் நோட்டீஸ் அடித்து, பேப்பர் போடுகிற தம்பியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டே போன் வந்தது. ஒருவர் தேங்காய் பறிக்க ஆள் கேட்டார். இன்னொருவர், வாசலில் குப்பை போட்டது யார் என்று திட்டினார்.

தப்பு நோட்டீஸில் இல்லை, அதில் எழுதியிருந்ததில் இருந்தது. புல்தரை, நீரூற்று என்று பெரிதாகப் போட்டிருந்தேன். தோட்டமே இல்லாதவரிடம் தோட்டம் வேண்டுமா என்றால், கார் நிறுத்தவே இடமில்லை என்பார். ஆசையாகச் செடி வைத்து, அது கண்ணெதிரே வாடுவதைத் தினமும் காபி டம்ளரோடு நின்று பார்க்கிறாரே, அவர்தான் நமக்கு ஆள். புதுத் தோட்டம் போடுகிற வேலையும் பின்னால் அவர் வழியாகத்தான் வரும்.

அப்படிப்பட்ட வீடுகள் பழைய குடியிருப்புகளில் இருக்கின்றன. கே.கே.நகர், அண்ணா நகர், டி.வி.எஸ். நகர், சர்வேயர் காலனி. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், வீட்டில் வயதான இருவர் மட்டும். குனிந்து களை பிடுங்க அவர்களால் முடியாது. காலை ஏழு மணிக்கு மேல் ஒரே தெருவில் நடந்து போங்கள். வண்டியில் போனால் எதுவும் கண்ணில் படாது.

என்ன பார்க்க வேண்டும்? செம்பருத்தி நுனி சுருண்டு, வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் இருந்தால் மாவுப்பூச்சி. இட்லிப்பூச் செடியில் இளம் இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால், செடிக்கு இரும்புச் சத்து ஏறவில்லை. மண்ணில் சிமென்ட், சுண்ணாம்பு கலந்திருந்தாலும், கடினமான போர் தண்ணீர் ஊற்றி வந்தாலும் இப்படி ஆகும். காகிதப்பூ கரண்டு கம்பி வரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தென்னை மரத்தடியில் நிற்கிற காரும் செடிகளும் கரி பூசினாற்போல் பிசுபிசுவென்று இருந்தால் அது சுருள் வெள்ளை ஈயின் வேலை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டது, இன்று மதுரைத் தென்னைகளிலும் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் மரத்துக்கே ஏதோ சீக்கு என்று வெட்டப் பார்ப்பார்கள். வெட்ட வேண்டாம், ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம், கடும் மருந்து அடித்தால் அந்த ஈயைத் தின்கிற பூச்சியும் சேர்ந்து சாகும் என்று சொல்லுங்கள். மரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவளை அவர்கள் விடமாட்டார்கள்.

கேட்டைத் தட்டி, "தோட்ட வேலை இருக்காம்மா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்பதுதான் பதிலாக வரும். "அம்மா, உங்க செம்பருத்தியில மாவுப்பூச்சி ஏறியிருக்கு. நுனியை வெட்டி எரிச்சுட்டு வேப்பெண்ணெய் அடிச்சா தப்பிச்சிரும்" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே, "நீயே செஞ்சு குடுத்துரேன்" என்பார்கள். யோசனைக்குக் காசு வாங்காதீர்கள், ஆனால் கத்தரியை எடுத்துவிட்டால் இருநூறாவது வாங்கிவிடுங்கள். சும்மா செய்து கொடுத்த வீடுகளில் ஒன்றுகூட எனக்கு மாத வீடாக மாறவில்லை. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை எந்தக் கேட்டையும் தட்டக் கூடாது. அட்வான்ஸ் கேட்கும்போது காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்: திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம். உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், பணம் அவர்களுடையது.

பெண்ணாக இருப்பது இந்தத் தொழிலில் குறை என்று நினைத்தேன். "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்காத வீடு குறைவு. போகப்போகத்தான் புரிந்தது, தனியாக இருக்கிற பெரியம்மாக்கள் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு நிம்மதியாக உள்ளே போய்ப் படுப்பது நாங்கள் பெண்கள் என்பதால்தான்.

ஒரு வீடு கிடைத்ததும், பணம் அனுப்புகிற மகன் அல்லது மகளின் வாட்ஸ்அப் நம்பரை வாங்குங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் ஒரு படம். போன மாதப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சிங்கப்பூரில் இருக்கிற ஒரு மகள், அம்மா பவளமல்லி பொறுக்குகிற படத்தைப் பார்த்துவிட்டு, தன் மாமியார் வீட்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த வீட்டில்தான் முதன்முதலாக முழுத் தோட்டம் போட்டேன்.

அடுத்தவர், தேங்காய் பறிக்கிறவர். நோட்டீஸைப் பார்த்து ஆள் கேட்டவருக்கு ஒரு அண்ணனைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். நாற்பத்தைந்து நாளுக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை அவர் ஒவ்வொரு வீட்டுக் கொல்லைக்கும் போகிறார். எந்த வீட்டில் புதர் மண்டியிருக்கிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? இப்போது என் வீடுகளில் ஐந்து அவர் சொல்லி வந்தவை.

புது வீட்டுத் தோட்டத்துக்கு எஞ்சினியர் பின்னால் அலையாதீர்கள், அவருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கும். பெயின்டரைப் பிடியுங்கள். கடைசியாக வெளியேறுகிறவர் அவர்தான், கிரகப்பிரவேசத் தேதியும் அவருக்குத்தான் சரியாகத் தெரியும். பெயின்ட் முடியும் முன் செடி வைத்தால் பாதி செடி சாரக்கட்டைக்கு அடியில் போகும், ஆக அவரிடம் பேசுவது எப்படியும் நல்லது. வேலை முடிந்து பணம் வந்த அன்றே ஐநூறு ரூபாய் அவர் கையில் கொடுத்துவிடுவேன். ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டு வேலை வராது. அதற்கு முந்தைய மாதமே கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை சொல்லும் முன் கடப்பாரையை இறக்கிப் பாருங்கள். ஊமச்சிகுளம் பக்கம் ஒரு புது வீட்டில், காம்பவுண்டை ஒட்டி நாற்பது இட்லிப்பூ வைத்தேன். மேலே அருமையான செம்மண். மூன்றே மாதத்தில் எல்லாம் மஞ்சள். தோண்டினால் அரையடிக்குக் கீழே உடைந்த செங்கலும் சிமென்ட் கழிவும். இரும்புச் சத்துக்காக அன்னபேதி உப்பு கரைத்து ஊற்றினேன், தொழு உரம் போட்டேன், சில செடிதான் தேறியது. வீட்டுக்காரர் மீதிப் பணத்தைத் தரவில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. இப்போது அவர்கள் பார்க்கும்படியே நான்கு இடத்தில் ஒரு அடி தோண்டிக் காட்டுகிறேன். போர் தண்ணீரில், கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை வைத்து எண்ணையும் காட்டுகிறேன். உப்பு அதிகம் என்றால் அரேகா பனை வேண்டாம், நுனி கருகும், காகிதப்பூ தாங்கும் என்று சொல்லிவிடுகிறேன். இதற்கு ஆகும் கால் மணி நேரம் எந்த விளம்பரத்தையும்விட எனக்கு வேலை கொடுத்திருக்கிறது.

மண் கணக்கையும் எழுதியே கொடுங்கள். ஆயிரம் சதுர அடிக்கு நாலு அங்குலம் மண் என்றால் 333 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி. தண்ணீர் பட்டதும் மண் அமுங்கும் என்பதால் நாலு யூனிட் போடுங்கள். குத்துமதிப்பாக மூன்று என்று சொன்னால் நாலாவது யூனிட்டுக்கான காசு உங்கள் கையை விட்டுப் போகும்.

சில வேலைகளை வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். மதுரைக்குக் கடம்பவனம் என்று பேர், மீனாட்சியம்மன் கோயில் தலமரமும் கடம்பம்தான். அதனால் ஆசையாகக் கடம்பம் கேட்பார்கள். காம்பவுண்டிலிருந்து மூன்றடி தள்ளிக் கடம்பம் வைத்தால் சுவரும் செப்டிக் டேங்கும் என்ன ஆவது? ஒருவரிடம் இதைச் சொல்லி, நந்தியாவட்டை வைக்கலாம் என்றேன். வேலை கையைவிட்டுப் போனது என்றுதான் நினைத்தேன். அவரே எதிர்வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பழைய வாடிக்கையாளருக்குக் காரணத்தோடு போன் போடுங்கள். நவம்பர் கடைசியில் மல்லிகையைக் கவாத்து செய்ய வேண்டும், அப்போதுதான் பங்குனியிலிருந்து பூ கொட்டும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குப் பெருமை, ஆனால் வீட்டுச் செடியை எப்போது வெட்டுவது என்று தெரியாது. ஐப்பசி மழை விட்டதும் புல் மண்டும், பாம்பு பயம் வரும், அப்போது ஒரு போன். மே மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றித் தருகிறோம் என்று ஒரு போன்.

கூகுள் மேப்பில் பெயர் போடுவது இலவசம், வீட்டு முகவரியை மறைத்தும் வைக்கலாம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்கும் கட்டணம் கிடையாது, காசு கேட்கிறவரிடம் போகாதீர்கள்.

தூரத்தையும் பாருங்கள். ஒத்தக்கடையிலிருந்து திருநகருக்குப் போய் வந்தால் பெட்ரோலும் அரை நாளும் போய்விடும். அங்கிருந்து யார் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் வேலை பார்க்கிற ஒரு தம்பியின் நம்பரைக் கொடுத்துவிடுவேன். அவருக்கு அண்ணா நகரிலிருந்து வருகிற போன் என்னிடம் வந்துவிடும்.