ஹெட்போன் ஒலியை நாமே மாற்றும்போது எங்கே தப்பு நடக்கிறது

தைவான் நிறுவனமான சூப்பர்லக்ஸின் எச்டி 681, கைவைத்துப் பழகுவதற்கென்றே செய்ததுபோல ஒரு ஹெட்போன். விலை குறைவு, ஒலியை எழுப்பும் டிரைவர் 50 மில்லிமீட்டர், தாழ்ந்த ஒலியான பேஸ் தாராளம். குறை ஒன்றுதான்: 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ட்ரெபிள், அதாவது உச்ச ஒலி, கூர்மையாக எழும்பி நிற்கும். பாட்டில் 'ஸ' வரும் இடமெல்லாம் காதில் குத்தும். மெடிக்கல் ஷாப்பில் கட்டுப்போடக் கொடுக்கும் மைக்ரோபோர் பேப்பர் டேப் ஒரு துண்டு இருந்தால் இந்தக் குத்தலை ஓரளவு தணிக்கலாம். ஆனால் அதை எங்கே ஒட்டுவது என்பதிலேயே பாதிப் பேர் தவறிவிடுகிறார்கள். காரணம், ஹெட்போனை ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி என்று நினைத்துக் கைவைப்பதுதான். இங்கே நாம் மாற்றுவது காற்று போகும் வழியை. அது எந்த வழி என்று தெரியாமல் டேப்பை எடுத்தால் நல்ல ஹெட்போனும் கெட்டுப்போகும்.

100 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர். காதுக்கும் டிரைவருக்கும் நடுவே இருப்பதோ சில சென்டிமீட்டர். அதனால் பேஸ் அங்கே அலையாகப் பரவுவதில்லை. அடைபட்ட காற்றின் அழுத்தமாகத்தான் செவிப்பறையை எட்டுகிறது. எங்காவது சின்னக் கசிவு இருந்தாலும் பேஸ் இறங்கிவிடும். 8 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 4.3 சென்டிமீட்டர். அங்கே கணக்கே வேறு: காதைச் சுற்றி அமரும் மெத்தையான இயர்பேட் 3 மில்லிமீட்டர் தடித்தாலும் மெலிந்தாலும் ட்ரெபிளின் மேடுபள்ளங்கள் இடம் மாறும். இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கும்.

தவறான இடத்தில், தவறான டேப்

ட்ரெபிளைக் குறைக்க வேண்டுமானால் தடை டிரைவரின் முன்பக்கம், காதைப் பார்க்கும் பக்கம் இருக்க வேண்டும். எச்டி 681-இல் இயர்பேடைக் கழற்றினாலே அந்தப் பக்கம் தெரியும். டிரைவரைத் தாங்கும் கூடான கப்பைத் திறக்கத் தேவையே இல்லை. இதை அறியாமல் திருகுகளைக் கழற்றி, டிரைவரின் முதுகில் இருக்கும் காகித வட்டத்தின் மேல் டேப் ஒட்டுகிறவர்கள் பலர். டிரைவரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் படலம்தான் டயாஃப்ரம்; அதன் அசைவுக்கு அந்தக் காகிதம் கடிவாளம். அதை அடைத்தால் குத்தல் அப்படியே இருக்கும், பேஸ்தான் மெலியும்.

எந்தப் பொருள் என்பதும் முக்கியம். செலோடேப், இன்சுலேஷன் டேப் இரண்டும் காற்றை முழுதாக நிறுத்துபவை. டிரைவரின் முன்னால் அவற்றுக்கு வேலையே இல்லை. சோதனை சுலபம். பொருளை உதட்டருகே வைத்து ஊதுங்கள். மெல்லிய எதிர்ப்போடு காற்று அந்தப் பக்கம் போனால் அது பொருத்தமானது. மைக்ரோபோர் டேப், டிஷ்யூ பேப்பரின் ஒற்றைத் தாள், 1 மில்லிமீட்டர் ஃபெல்ட் துணி மூன்றும் இந்தச் சோதனையில் தேறும்.

முதலில் ஒரே ஒரு அடுக்கு. டேப்பின் பசைப்பக்கம் டிரைவரை மூடியிருக்கும் வலையிலோ பிளாஸ்டிக் சட்டத்திலோதான் பட வேண்டும், டயாஃப்ரத்தைத் தொடவே கூடாது. உங்கள் ஹெட்போனில் வலை இல்லையென்றால் டேப்பை விட்டுவிட்டு, ஃபெல்ட்டை டிரைவரைவிடச் சற்றுப் பெரிய வட்டமாக வெட்டி ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள். ஒரு நாள் கேட்டுவிட்டு, போதவில்லை என்றால் இரண்டாவது அடுக்கு. மூன்றாவது போட்டால் குத்தலோடு தாளத்தட்டின் பளபளப்பும், குரலைச் சுற்றியிருக்கும் மூச்சும் சேர்ந்தே போய்விடும்.

இது ஹெட்போன்காரர்கள் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. 1978-இல் வந்த யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரில் ட்ரெபிளைத் தரும் ட்வீட்டர் மேல் ஸ்டூடியோ எஞ்சினியர்கள் டிஷ்யூ பேப்பர் ஒட்டியே வேலை செய்தார்கள்.

ஓட்டையை அடைத்தால் பேஸ் கூடுமா, குறையுமா?

எந்த ஓட்டை என்பதைப் பொறுத்தது. டிரைவர் பொருந்தியிருக்கும் தட்டில், இயர்பேடுக்கு அடியில் இருக்கும் துளைகள் முன்பக்கக் காற்றையும் பின்பக்கக் காற்றையும் இணைப்பவை. அவற்றை அடைத்தால் கசிவு நிற்கும். அடிமட்ட பேஸ் பெரும்பாலும் ஏறும். கப்பின் வெளிச்சுவரில் இருக்கும் துளையோ கப்புக்குள் இருக்கும் காற்றை வெளியே விடுவது. அதை அடைத்தால் உள்ளே இருக்கும் காற்று இறுகிய ஸ்பிரிங் மாதிரி ஆகி டயாஃப்ரத்தை அசையவிடாது. ஆழ்ந்த பேஸ் இறங்கும். ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்: கப்பிலிருக்கும் சின்னப் பிளவை முழுதாக மூடினால் ஒலி வறண்டுபோகும், முழுதாகத் திறந்தால் நடுபேஸ் பொம்மென்று வீங்கும். நல்ல இடம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஆகவே எந்தத் துளையையும் ஒரேயடியாக அடைக்காதீர்கள். முதலில் மைக்ரோபோரால் மூடிக் கேளுங்கள். இன்னும் தடை வேண்டுமென்றால் செலோடேப்பால் பாதியை மூடுங்கள். எத்தனை துளை, எவ்வளவு மூடினீர்கள் என்பதைப் படமெடுத்து வையுங்கள். வலப்பக்கத்தில் நான்கையும் இடப்பக்கத்தில் மூன்றையும் அடைத்துவிட்டு, பாட்டின் பேஸ் ஒருபக்கம் சாய்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது வாடிக்கையாக நடப்பது.

பஞ்சும் களிமண்ணும்

மூடிய கப்பாக இருந்தால், உள்ளே ஒலி எதிரொலிப்பதைக் குறைக்கக் கொஞ்சம் பஞ்சு வைக்கலாம். தலையணைக்குள் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சே போதும். மருந்துக்கடைப் பருத்திப் பஞ்சு வேண்டாம். இழை உதிர்ந்து டிரைவருக்குள் போகும். கப்புக்கு அரை கிராமில் தொடங்குங்கள். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. கண்ணளவில் இரண்டு பக்கமும் ஒருபோதும் ஒன்றாக வராது. பஞ்சை உதிர்த்து, காற்றோட்டமாக விரித்து வையுங்கள். உருண்டையாக அமுக்கி வைத்தால் அது டிரைவரின் முதுகில் அழுந்தி, அங்கிருக்கும் காற்றுவழியை அடைத்துவிடும்.

கப்பின் சுவரில் விளையாட்டுக் களிமண்ணையோ கார் கதவுக்கு ஒட்டும் தார் ஷீட்டையோ அப்புவதை நாங்கள் கடைசியில்தான் வைப்போம். எடை கூடும், கப்பின் உள்கொள்ளளவு குறையும், கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் ஹெட்போனை வைத்தால் எண்ணெய் கசியும். கப்பை விரல்கணுவால் தட்டிப் பாருங்கள். காலி டப்பா மாதிரி கணகணத்தால் மட்டும் உள்சுவரில் ஒரு சின்னத் துண்டு ஒட்டிக் கேட்கலாம்.

இயர்பேடை அலட்சியப்படுத்துவது

ஒரு ஹெட்போனில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய ஒலி மாற்றம் இயர்பேடை மாற்றுவதுதான். அதனாலேயே மிகப் பெரிய ஏமாற்றமும் இதில்தான். வெல்வெட் பேட் மென்மையாக இருக்கிறது என்று லெதரெட்டைக் கழற்றிவிட்டு அதைப் போடுவார்கள். துணி வழியாகக் காற்று கசிந்து பேஸ் குறையும். ஏகேஜி கே240-க்கான வெல்வெட் பேட் எச்டி 681-க்கும் பொருந்தும். அந்த ஹெட்போனில் பேஸ் மிகுதி என்பதால் இந்தக் கசிவு அங்கே நன்மை. ஏற்கெனவே பேஸ் மெலிந்த ஹெட்போனில் அதே பேட் கேடு.

தடிமன் அடுத்தது. தடித்த பேட் காதை டிரைவரிலிருந்து தள்ளி வைக்கும். நிறையப் பேர் நினைப்பதுபோல "ஸ்டேஜ் விரியும்" (ஒலி பரந்து கேட்கும்), அவ்வளவுதான் என்பதல்ல. முன்பே சொன்ன 4.3 சென்டிமீட்டர் கணக்கு இங்கே முழுவீச்சில் வேலை செய்யும். ஓரிடத்துக் குத்தல் போய் இன்னோரிடத்தில் புதிதாக ஒன்று முளைக்கும். எனவே டேப், பஞ்சு எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்த பிறகு பேடை மாற்றினால் செய்த வேலை அத்தனையும் வீண். பேடை முதலில் முடிவு செய்யுங்கள். பழைய ஹெட்போனாக இருந்தால் வேறெதையும் தொடுமுன் அதே ரகப் புதுப் பேடைப் போட்டுக் கேளுங்கள். சென்ஹைசர் எச்டி 600 போன்றவற்றில் பேட் சில வருடங்களில் சப்பையாகி, காது டிரைவரை ஒட்டிப் போய்விடும். ஒலி கெட்டுவிட்டது என்று பிரிக்கப்படுகிற பல ஹெட்போன்களுக்குத் தேவை அந்தப் புதுப் பேட் மட்டுமே. கண்ணாடி போடுபவர்கள் ஒருமுறை அதைக் கழற்றிவிட்டும் கேளுங்கள்; கண்ணாடிக் காம்புக்கு அடியில் இருக்கும் இடைவெளியே பேஸைத் தின்றுகொண்டிருக்கலாம்.

நாய்ஸ் கேன்சலிங் உள்ள ப்ளூடூத் ஹெட்போனில் பேட் ரகத்தை மாற்றுவதோ உள்ளே டேப் ஒட்டுவதோ வேண்டவே வேண்டாம். கப்புக்குள் இருக்கும் மைக் அந்தக் காற்றறையின் அளவுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டது. மாற்றினால் ஊளைச்சத்தம்கூட வரலாம்.

கேட்காமலே பிரிப்பது

திருகைத் தொடுமுன், ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் செயலியில் முயன்று பாருங்கள். விண்டோஸ் கணினிக்கு ஈக்வலைசர் ஏபிஓ இலவசம், ஆண்ட்ராய்டுக்கு வேவ்லெட் இருக்கிறது. ஏபிஓவில் ஒரு பீக்கிங் ஃபில்டர், அதாவது ஒரு குறிப்பிட்ட இடத்து ஒலியை மட்டும் மாற்றுவது: 8,000 ஹெர்ட்ஸ், மைனஸ் 6 டெசிபல், க்யூ (எவ்வளவு குறுகலான இடம் என்பது) 3. குத்தல் போனதா? அப்படியானால் டேப் எதைச் சாதிக்க வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். போகவில்லையென்றால் ஃபில்டரை 6,000, 7,000, 10,000 என்று நகர்த்திப் பாருங்கள். சிக்கலின் இடம் தெரியாமல் கத்தரிக்கோலை எடுப்பதில் பயனில்லை.

அடுத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் செய்வது. ஒலியைக் காது நினைவில் வைத்திருப்பது கொஞ்ச நேரம்தான். பிரித்து, ஒட்டி, மூட அரைமணி ஆனால் முன்பு எப்படி இருந்தது என்பது மறந்தே போயிருக்கும். இடது கப்பில் மட்டும் மாற்றுங்கள். போனின் அணுகல்தன்மை அமைப்பில் இரண்டு பக்கமும் ஒரே ஒலியைத் தரும் மோனோ ஆடியோவைப் போட்டு, ஒரு குரல் பதிவைக் கேளுங்கள். டேப் வேலை செய்திருந்தால் 'ஸ' மட்டும் வலப்பக்கம் ஒதுங்கி நிற்பது தெளிவாகத் தெரியும். ஹெட்போனைத் திருப்பிப் போட்டு மறுபடி கேளுங்கள். ஒதுக்கமும் பக்கம் மாறினால் அது ஹெட்போனில்தான் இருக்கிறது, உங்கள் காதில் இல்லை. பிடித்திருந்தால் மறுபக்கமும் செய்யுங்கள்.

திருகாணி, பசை, சால்டர்

டிரைவருக்கு உள்ளே வலுவான காந்தம். இரும்பு ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் கொண்டுபோனால் நுனி சடாரென்று இழுபட்டு டயாஃப்ரத்தில் குத்திவிடும். அது மெல்லிய பிளாஸ்டிக் படலம். ஓட்டை விழுந்தால் சரிசெய்ய வழியில்லை. டிரைவர் மேல் ஒரு அட்டையை வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். கழற்றிய திருகுகள் தனிக் கிண்ணத்தில், தள்ளி இருக்கட்டும்.

உடனே ஒட்டும் சூப்பர் க்ளூ கப்புக்குள் வேண்டாம். அதன் ஆவி உள்ளே சுற்றி, படிந்த இடமெல்லாம் வெள்ளையாக உறையும்.

ஒயர் மாற்றுபவர்களுக்கு: ஹெட்போன் ஒயரின் இழைகள் பெரும்பாலும் எனாமல் பூசியவை. அதன் மேல் ஈயம் ஒட்டாமல் உருண்டோடும். 380 டிகிரி சூட்டில் நுனியில் ஒரு சொட்டு ஈயம் ஏற்றி, அதற்குள் ஒயர் நுனியை 2 அல்லது 3 விநாடி வையுங்கள். பூச்சு புகைந்து போய் ஈயம் பிடிக்கும். டிரைவர் முனையிலோ 2 விநாடிக்கு மேல் சூடு கூடாது. அங்கிருந்து போகும் வாய்ஸ் காயில் கம்பி முடியைவிட மெல்லியது. அறுந்தால் டிரைவரையே தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய ஒயர் கப்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு முடிச்சு இருந்திருக்கும். புதிதிலும் அதைப் போடாவிட்டால் முதல் இழுப்பிலேயே சால்டர் பிய்ந்து வரும்.

ஒயரின் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் பின்னில் நுனி இடது, நடு வளையம் வலது, அடி கிரவுண்ட். ஒரு பக்கம் மட்டும் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் மோனோவில் குரல் தலைக்கு நடுவே நிற்காமல் சிதறும், பேஸ் காணாமல் போகும். அதைப் பஞ்சின் குற்றம் என்று நினைத்து மறுபடி கப்பைப் பிரிக்காதீர்கள். ஒரு பக்கத்தின் இரண்டு முனைகளையும் மாற்றிச் சால்டர் வைத்தால் போதும்.

எல்லாம் மூடியபின் 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒரு ஸ்வீப் ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓட்டுங்கள். எங்காவது ஈ முரல்வதுபோலக் கரகரத்தால் பெரும்பாலும் டயாஃப்ரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு தலைமுடிதான். வாயால் ஊதவோ ஸ்ப்ரே கேனால் காற்றடிக்கவோ வேண்டாம், படலம் மடங்கிவிடும். பேடைக் கழற்றி, டிரைவரைச் சாய்த்து விளக்கொளியில் பிடித்தால் முடி மினுங்கும். காந்தத்தில் ஒட்டாத பிளாஸ்டிக் இடுக்கியால் நுனியைப் பிடித்து மெதுவாக உருவி எடுத்துவிட்டு, மறுபடி ஒருமுறை ஸ்வீப் ஓட்டுங்கள்.