அங்கன்வாடி மையத்தின் கணக்கைப் பெற்றோர் சரிபார்ப்பது எப்படி?

அங்கன்வாடிக்கு அரசு செலவிடும் தொகையில் மிகச் சிறு பகுதியே பணமாக மையத்தின் வாசலை எட்டுகிறது. ஊதியம் பணியாளரின் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். மற்றதில் பெரும்பகுதி அரிசியாகவும் பருப்பாகவும் எண்ணெயாகவும் முட்டையாகவும் சத்துமாவாகவும் வந்து இறங்கும். ஆகவே, தம் ஊர் மையத்துக்கு உரியது ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று அறிய விரும்பும் பெற்றோர், ரூபாயைத் தேடி அலையாமல் பொருளைப் பின்தொடர்வதே எளிய வழி.

முதலில் உரிமையின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ், துணை உணவுச் செலவை மத்திய, மாநில அரசுகள் பாதிப்பாதியாக ஏற்கின்றன. 6 மாதம் முதல் 6 வயது வரையான குழந்தைக்கு ஆண்டுக்கு 300 நாள் இந்த உணவு கிடைக்க வேண்டும் என்பது விதி. 2023 இல் திருத்தப்படும் வரை அதன் அளவு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும். இதற்கென 2017 இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய். ஒரு முட்டையின் விலையே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பது கடைக்குப் போய்வரும் எவருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2 வயது நிறைந்த குழந்தைகளுக்கு வாரம் 3 முட்டை வழங்க முடிவது, மாநில அரசு தன் பங்குக்கு மேலும் செலவிடுவதால்தான். 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உணவைச் சட்டப்படியான உரிமையாக்கியிருக்கிறது. எனவே கேட்பவர் சலுகை கேட்பதாகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அடுத்து, முட்டை வழங்கும் நாளொன்றில் மதிய உணவு நேரத்துக்குச் சற்று முன்பாக மையத்துக்குச் செல்லுங்கள். பாயில் அமர்ந்திருக்கும் குழந்தைகளையும் வேகவைத்த முட்டைகளையும் எண்ணுங்கள். பிறகு வருகைப் பதிவேட்டையும் இருப்புப் பதிவேட்டையும் காட்டுமாறு பணியாளரிடம் பணிவாகக் கேளுங்கள். இருப்புப் பதிவேட்டில் தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு ஆகியவை பதிவாகியிருக்கும். வருகையில் 22 என்று எழுதி, பாயில் 14 குழந்தைகளே இருந்து, அன்றைய செலவில் 22 முட்டைகள் கழிக்கப்பட்டிருந்தால், மீதி 8 முட்டைகள் எங்கே என்ற கேள்வி தானாகவே எழும். ஆயினும் ஒரே நாளை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். காய்ச்சல் காலத்தில் பாதிக் குழந்தைகள் வருகை எழுதியபின் வீடு திரும்பியிருக்கலாம். வெவ்வேறு வாரங்களில் மூன்று முறை பார்த்தபின் குறித்துக்கொள்வதே நியாயம். காய்கறிக்கும் விறகு அல்லது எரிவாயுவுக்கும் உரிய தொகை தாமதமாகும்போது தம் கைப்பணத்தைப் போட்டுச் சமைக்கும் பணியாளர்களும் உண்டு. அவர்களை எதிரியாக்கிக்கொண்டால் பதிவேடு உங்கள் கண்ணில் படாது.

உங்கள் குழந்தையின் எடை மாதந்தோறும் எடுக்கப்பட்டு, வளர்ச்சி வரைபடத்தில் புள்ளியாகக் குறிக்கப்படுகிறதா என்பதையும் பாருங்கள். 2021 முதல் இவ்விவரங்கள் மத்திய அரசின் ‘போஷன் டிராக்கர்’ என்ற கைபேசிச் செயலியிலும் ஏற்றப்படுகின்றன. மாதம் தவறாமல் ஒரே எடை எழுதப்பட்டிருந்தால், எடைக்கருவி பழுதாகியிருக்கலாம் அல்லது குழந்தை அதில் ஏறியதே இல்லாமல் இருக்கலாம்.

பதிவேட்டைக் காட்ட மறுத்தால் மேற்பார்வையாளரிடமும், பின்னர் வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் எழுத்து மூலம் கேளுங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மாவட்டத் திட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். “ஏன் முட்டை குறைந்தது?” என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது, இச்சட்டம் ஆவணத்தைத் தரச் சொல்கிறதே தவிர, விளக்கம் சொல்லச் சொல்லவில்லை. இவ்வாறு எழுதலாம்: “ஏப்ரல் முதல் ஜூன் வரை இன்ன மையத்துக்கு வழங்கப்பட்ட அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவற்றின் மாதவாரி அளவு, அம்மாதங்களின் இருப்புப் பதிவேட்டு நகல், நாள்வாரி வருகை எண்ணிக்கை, மேற்பார்வையாளரின் ஆய்வுக் குறிப்பு நகல்.” குழந்தைகளின் பெயர்களைக் கேட்காதீர்கள், தனிப்பட்ட விவரம் என்று காரணம் காட்டி மறுப்பதற்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

கட்டடப் பழுது இதிலிருந்து வேறுபட்ட விவகாரம். கூரை ஒழுகுகிறது என்று மேற்பார்வையாளரிடம் மன்றாடுவதற்கு முன், கட்டடம் யாருடையது என்று விசாரியுங்கள். ஊராட்சியின் கட்டடம் என்றால், மனு ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் போக வேண்டும்.

மையமே இல்லாத குடியிருப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று பிறப்பித்த உத்தரவு கைகொடுக்கும். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது உள்ள குடியிருப்பு மையம் கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத்தர வேண்டும் என்கிறது அது. குழந்தைகளின் பிறந்த தேதிப் பட்டியலை மனுவுடன் இணையுங்கள். கிராம சபையில், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில், இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றச் செய்து, தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்ட பின்னரே கையெழுத்திட்டு, நகலையும் கையோடு வாங்கி வாருங்கள்.