வேர்முடிச்சை எண்ணாதீர்கள், கீறிப் பாருங்கள்

பயறுவகைச் செடியின் வேரில், காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு இருந்தாலே தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, கவலையில்லை என்று பலர் நம்புகிறார்கள். முடிச்சு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு.

செடியை எடுக்கும் விதத்திலேயே தவறு தொடங்கிவிடுகிறது. தண்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். வெறும் வேரைப் பார்த்துவிட்டு, முடிச்சே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டுவார்கள். சுற்றிலும் ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்கட்டியோடு தூக்கி, தண்ணீரில் ஊறவைத்து மெல்ல அலச வேண்டும். பூக்கும் பருவமே இதற்கு ஏற்றது. காய் முற்றிய பிறகு பார்த்தால் பெரும்பாலும் ஓய்ந்துபோன முடிச்சுகளே கிடைக்கும்.

எடுத்த முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்போ ரத்தச் சிவப்போ தெரிந்தால் அது உழைக்கிறது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நைட்ரஜனேஸ் நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் அந்த நொதியை வைத்துக்கொண்டு முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவுக்குச் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளவாக வழங்கி இந்த இக்கட்டைத் தீர்க்கிறது. எத்தனை முறை கீறிப் பார்த்தாலும் எனக்கு அந்தச் சிவப்பு வியப்புதான். உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் இளசாக இருக்கலாம், இல்லையேல் உதவாத பாக்டீரியா குடியேறியிருக்கலாம். பச்சை, பழுப்பு என்றால் அதன் காலம் முடிந்தது. வேரெங்கும் சிதறிய வெள்ளைப் பொடி முடிச்சுகளைவிட, ஆணிவேரை ஒட்டிய சில பெரிய சிவப்பு முடிச்சுகள் எவ்வளவோ மேல்.

வேரைத் தாக்கி வீங்கவைக்கும் நுண்ணிய நூற்புழுவின் வீக்கத்தை முடிச்சென்று நினைத்து மகிழ்வது இன்னும் ஆபத்தான தவறு. நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழு வீக்கத்தில் வேரே பருத்துத் திரண்டிருக்கும், தேய்த்தாலும் கழலாது.

அடுத்தது யூரியா. முளைத்த முதல் சில வாரங்களில் முடிச்சுகள் முழுமூச்சாக இயங்கத் தொடங்கியிருக்காது. இலை சற்று வெளுக்கலாம். அதைக் கண்டு பதறி யூரியாவை அள்ளிப் போட்டால், மண்ணில் தயாராகக் கிடைக்கும் நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொண்டு முடிச்சு உருவாக்குவதையே குறைத்துவிடும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. சும்மா கிடைக்கும்போது செடி ஏன் அந்தச் செலவைச் செய்யப்போகிறது? உண்மையில் முடிச்சுகளுக்கு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சிறிதளவு மாலிப்டினம் என்ற நுண்ணூட்டமும்தான் தேவை. வயலில் நீர் தேங்கினாலும் வேருக்குக் காற்றில்லாமல் அவை முடங்கும்.

ரைசோபியம் கலந்த உயிர் உரம் வாங்கும்போது பயிரைப் பார்த்து வாங்குங்கள். சோயாவுக்கான பாக்டீரியா கொண்டைக்கடலையில் முடிச்சுப் போடாது. விதை நேர்த்தியில் பூசணக்கொல்லியையும் ரைசோபியத்தையும் ஒன்றாகக் குழைத்தால் அந்த உயிர்கள் மடியும்; மருந்து முதலில், ரைசோபியம் கடைசியில். பிறகு நிழலில் உலர்த்தித் தாமதமின்றி விதைக்க வேண்டும். வெயில் அவற்றுக்கு எமன்.

அவரைக் குடும்பம் என்றாலே முடிச்சு உண்டு என்பதும் சரியல்ல. புளியமரத்துக்கும் சரக்கொன்றைக்கும் அது கிடையாது. அந்தக் குடும்பத்தைச் சேராத ஆல்டர், சவுக்கு போன்ற மரங்களோ ஃபிராங்கியா என்ற வேறொரு பாக்டீரியாவோடு கூட்டுச்சேர்ந்து முடிச்சுப் போடுகின்றன.

பயறு விளைந்துவிட்டது, அடுத்த பயிருக்குத் தழைச்சத்தே வேண்டாம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. சேர்ந்த நைட்ரஜனில் பெரும்பகுதி மணியோடு வயலைவிட்டு வெளியேறிவிடுகிறது. செடியையும் வேரோடு பிடுங்கி எடுத்துப்போனால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பம். அடியோடு அறுத்து, வேரை மண்ணிலும் தழையை அதன் மேலும் விட்டால்தான் அடுத்த பயிருக்குக் கொஞ்சமாவது சேரும்.