பண்ணையில் ஒரு மொய் விருந்து: நிதி திரட்ட ஃபியூஷன் சாப்பாடு போடுவது எப்படி?

ஆடி மாதம் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போனால் மொய் விருந்து பிளெக்ஸ் தொங்காத தெரு இருக்காது. உள்ளே கறிச்சோறு, வாசலில் ஒருவர் நோட்டைத் திறந்து வைத்துப் பெயர், ஊர், தொகை என்று அப்போதே எழுதிவிடுவார். சாப்பாடு போட்டுப் பணம் சேர்ப்பது நமக்குப் புதிதே இல்லை.

சென்னைக்கு வெளியே, திருப்போரூர் பக்கம், பள்ளிப் பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லித்தரும் ஒரு சிறு பண்ணையில் ஞாயிறுதோறும் வேலை செய்கிறேன். அங்கே மூன்று முறை இப்படி விருந்து வைத்தோம். மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். இங்கே வருவது நன்கொடை, திருப்பித் தரப்போவதில்லை. அதனால்தான் அந்த மொய் நோட்டை விட நம் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பேன். முதன்முறை செய்பவர்களுக்காக, 60 பேர் விருந்தை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: எதற்குப் பணம்?

"பண்ணை வளர்ச்சிக்கு" என்று சொல்லாதீர்கள். "பிள்ளைகளின் பாத்திகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட 25,000 ரூபாய்" என்று சொல்லுங்கள். அழைப்பிதழில் இந்த வரிதான் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

படி 2: தேதியைப் பாத்தியில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளிப் பந்தி வேண்டவே வேண்டாம். எங்கள் முதல் விருந்தை டிசம்பரில் வைத்து, பரிமாறும் நேரத்தில் கொட்டிய மழையில் விருந்தினர்களை மாட்டுக் கொட்டகையில் நிற்க வைத்தோம். தை மாதக் கடைசிதான் நல்ல நேரம். வெயில் ஏறியிருக்காது, காய்கறியும் நிறைய இருக்கும்.

தேதி முடிவானதும் நாட்காட்டியை எடுங்கள். சர்க்கரைவள்ளிக்கு ஏறக்குறைய 4 மாதம் வேண்டும்; ஆகவே புரட்டாசியிலேயே கொடி ஊன்ற வேண்டும். அதுவும் மேட்டுப்பாத்தியில், இல்லையென்றால் மழைநீர் நின்று கிழங்கு அழுகும். வெண்டைக்கு 50 நாள். சிறுகீரைக்கு 25 நாள் போதும். கீரையை மட்டும் ஒரு வாரம் விட்டு இரண்டு தடவை விதையுங்கள். ஒன்று பொய்த்தாலும் மற்றது கைகொடுக்கும். "இது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட கீரை" என்று பந்தியில் சொல்ல முடிவதுதான் இந்த விருந்தின் உயிர்.

படி 3: எதை எதோடு சேர்ப்பது?

ஃபியூஷன், அதாவது வெவ்வேறு ஊர்ச் சமையலைக் கலப்பது, என்றதும் சாம்பாரில் பாஸ்தாவைப் போடத் தோன்றும். அதற்கு முன் பாரிமுனைக்கு, இரண்டாவது கடற்கரைச் சாலைக்கு, ஒரு மாலை போய் அத்தோ சாப்பிட்டு வாருங்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்தது. தடித்த நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மொறுமொறுவென்று பேஜோ என்ற பொரித்த தட்டையை நொறுக்கிப் போடுவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். எந்தப் பொருளும் தன் குணத்தை இழக்காது. ஆனால் ஒன்றில்லாமல் மற்றது நிற்காது. நான் ஃபியூஷன் படித்தது அங்கேதான்.

அங்கிருந்து எனக்குக் கிடைத்த விதி: ஒரு பதார்த்தத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். செய்முறை வெளியூர் என்றால் பொருள் நம் பாத்தியுடையதாக இருக்கட்டும். எங்கள் இலையில் ஐந்தே வகை: வாழைத்தண்டு சூப், நூடுல்ஸுக்குப் பதில் இடியாப்பம் போட்ட அத்தோ, முருங்கைக்கீரை பெஸ்டோ தடவிய குழிப்பணியாரம், எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தூவிய சுட்ட சர்க்கரைவள்ளி, கடற்பாசி சேர்த்த இளநீர் புட்டிங். ஒன்பது வகை வேண்டாம். ஐந்தைச் சூடாகப் போடுவதே பெரிய வேலை.

படி 4: முருங்கைக்கீரை பெஸ்டோ

பெஸ்டோ இத்தாலியின் ஜெனோவா நகரத்துத் துவையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் துளசிக் குடும்பத்து பேசில் இலையில், பைன் கொட்டை, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் சேர்த்து இடிப்பார்கள். நாம் முருங்கை, வேர்க்கடலை, செக்கு நல்லெண்ணெய்.

10 பேருக்கு நான்கு கைப்பிடி இலை. காம்பு ஒன்றுகூட இல்லாமல் உருவுங்கள். நார் அரைபடாது, பல்லில் மாட்டும். உப்புப் போட்ட கொதிநீரில் ஒரே நிமிடம். உடனே குளிர்ந்த நீரில் போட்டுப் பிழியுங்கள். பச்சையாக அரைத்தால் கசப்பும் பச்சை வாடையும் போகாது. நேரம் கூடினால் நிறம் கறுக்கும். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், ஆறு பல் நாட்டுப்பூண்டு, ஒரு பச்சை மிளகாய், உப்பு எல்லாவற்றையும் அம்மியிலோ மிக்ஸியிலோ கொரகொரப்பாக அரைத்துக் கடைசியில் 100 மில்லி எண்ணெயைச் சிறிது சிறிதாக விடுங்கள். எலுமிச்சைச் சாறு பரிமாறும்போதுதான். முன்னதாகப் பிழிந்தால் பச்சை நிறம் போய்விடும்.

வேர்க்கடலை சிலருக்கு ஒவ்வாது. பதிவு செய்யும்போதே கேட்டு, அவர்களுக்குத் தேங்காய் போட்டுத் தனிப் பாத்திரத்தில் அரையுங்கள்.

படி 5: பணம்

தலைக்கு 1,000 ரூபாய் வைத்தால் 60,000 வரும். மளிகை, காய், காஸ் 15,000. சமையல் ஆட்களின் கூலி 8,000. மேசை, நாற்காலி, விளக்கு 9,000. இலை, தண்ணீர், இதர செலவு 3,000. மீதி 25,000. நம் கீரையையும் எடை போட்டு, சந்தை விலையில் செலவுக் கணக்கில் எழுதுங்கள். அந்தத் தொகை பண்ணைக்கே திரும்பும் என்றாலும், பிள்ளைகளின் உழைப்பு இலவசம் என்று கணக்கு சொல்லக் கூடாது.

சமையல்காரரிடம் எஃப்எஸ்எஸ்ஏஐ என்னும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் அனுமதி (80ஜி என்பார்கள்) உங்கள் அமைப்புக்கு இருந்தால், சாப்பாட்டுத் தொகையையும் நன்கொடையையும் தனித்தனி வரியாக ரசீதில் காட்டுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடையாது. பெரிய தொகையை வங்கி வழியாகவோ யுபிஐயிலோ வாங்குங்கள்.

படி 6: அன்று மாலை

நான்கரைக்கு வரச் சொல்லுங்கள். ஆறு மணி தாண்டினால் வெளிச்சம் இறங்கிவிடும். அதற்குள் பிள்ளைகளே பாத்திகளைச் சுற்றிக் காட்டட்டும். ஆறரைக்குப் பந்தி. வாழையிலைதான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டும், பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. சூப்புக்கு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும். சூடான பதார்த்தம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இளநீர் புட்டிங் கடைசி நிமிடம் வரை ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். கைகழுவ இரண்டு இடம், வெளிச்சமுள்ள கழிப்பறை, கொசுவுக்கு நொச்சித் தழைப் புகை. வயதானவர்கள் வரப்பில் நடக்கச் சிரமப்படுவார்கள். அவர்களைக் கைபிடித்து அழைத்து வர ஆளை ஒதுக்குங்கள்.

வாசலில் நோட்டு. டிக்கெட்டுக்கு மேல் தருபவர்களின் பெயரையும் தொகையையும் அவர்கள் கண்முன்னே எழுதுங்கள்.

படி 7: மறுநாள்

இலைகளைக் கிழித்து, காய்ந்த சருகோடு அடுக்கடுக்காக உரக்குழியில் போடுங்கள். எண்ணெய்ச் சோற்றைத் தனியாக எடுத்துவிடுங்கள், எலி வரும். ஒரு வாரத்துக்குள் வரவுசெலவுப் பக்கத்தைப் படமெடுத்து, வந்த எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பிள்ளைகள் மண்வெட்டி எடுக்க வரும் கொட்டகைக் கதவில் ஒரு பிரதி ஒட்டுங்கள்.